ஆம்புலன்ஸ் வந்ததோடு நிறுத்து

ஜாரட் டெட்ரிக் தன் அம்மாவின் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சமையலறை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தான் என்றால், அவன் நேர்முகத்தில் கேள்வி கேட்கிற மருத்துவக் கல்லூரி டாக்டர் ஆகிவிட்டான் என்று அர்த்தம். இந்தப் பக்கம் அவன் தங்கை கெண்ட்ரா. நடுவில் முட்டை வேகும் நேரம் பார்க்கிற கடிகாரம். அது மணியடிப்பதற்குள் ஒரு பதிலைச் சொல்லி முடிக்க வேண்டும்.

"சொல்லுங்க மிஸ் டெட்ரிக். உங்க மார்க்கைப் பாத்து எங்க வாட்ச்மேனே அழுதுட்டாராம். என்ன விஷயம்?"

"டேய், ஒழுங்கா கேளு."

"அவங்களும் இதைத்தான் கேப்பாங்க. மரியாதையா கேப்பாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்."

கெண்ட்ராவுக்கு இருபத்தொன்பது வயது. பத்து வருடத்துக்கு முன்னால் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நாலுக்கு இரண்டு புள்ளி ஆறு என்று ஒரு சராசரி வாங்கி வைத்திருந்தாள். வேதியியலில் இரண்டு தடவை எஃப், அதாவது ஃபெயில். டாக்டருக்குப் படிக்க விரும்புகிறவர்கள் அந்த எண்ணை வெளியே சொல்ல மாட்டார்கள், வயதை மறைக்கிற மாதிரி மறைப்பார்கள். பிறகு அவளுக்குப் புத்தி வந்தது. பகலில் பிக்கெட் ஃபெரி ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் டாக்டர் பேசப் பேச கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்கும் வேலை, சாயங்காலம் பக்கத்து ஊர்க் கல்லூரியில் பத்தொன்பது வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அதே வேதியியல். இந்த முறை எல்லாம் ஏ. நுழைவுத் தேர்விலும் நல்ல மதிப்பெண். ஆனால் இந்த நாட்டில் விண்ணப்பம் போடும்போது எந்தக் காலத்தில் எந்தக் கல்லூரியில் வாங்கியதாக இருந்தாலும் எல்லா மதிப்பெண்ணையும் கூட்டி வகுத்துவிடுவார்கள். புது ஏ பழைய எஃப்பின் பக்கத்தில் போய் நிற்குமே தவிர அதைத் தள்ளிவிடாது. நாலு வருடம் உயிரைக் கொடுத்துப் படித்தும் அவளுடைய சராசரி மூன்றைக் கொஞ்சம் தாண்டியதோடு நின்றுவிட்டது. 'அந்த எஃப்புக்குச் சாவே கிடையாது' என்று அவளே சொல்வாள்.

முதல் வருடம் ஒரு கல்லூரியும் கூப்பிடவில்லை. இரண்டாம் வருடம் ஒன்று கூப்பிட்டது. அங்கே மதிப்பெண் ஏன் குறைந்தது என்று கேட்டார்கள். கெண்ட்ரா உள்ளதைச் சொன்னாள்: பத்தொன்பது வயதில் ஒரு டிரம் அடிக்கிறவன் மேல் பைத்தியமாக இருந்தேன், அவன் குழுவோடு ஊர் ஊராகப் போய்ச் சட்டை விற்றேன், வகுப்புக்குப் போகவில்லை. கேட்டவர் சிரித்து, இப்படி நேர்மையாகப் பேசுகிறவர்களைப் பார்ப்பது அபூர்வம் என்று கை குலுக்கினார். மூன்று வாரத்தில் இடமில்லை என்று பதில் வந்தது.

அதற்குள் கெண்ட்ராவுக்கு விஷயம் பிடிபட்டிருந்தது. அவளோடு காத்திருந்தவர்களில் ஒருத்திக்கு இரண்டாம் வருடத்தில் புற்றுநோய். இன்னொருவன் குடும்பம் போரிலிருந்து தப்பி வந்தது. கஷ்டப்பட்டவனுக்கு மார்க் குறைந்தால் அது கஷ்டத்தின் மார்க். சும்மா குறைந்தால்தான் அது அவனுடைய மார்க். அவர்கள் இருவருக்கும் இடம் கிடைத்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை, பட்டதைத்தான் சொன்னார்கள். கெண்ட்ராவிடம் பட்டது என்று ஒன்றும் இல்லை. ஒரு டிரம்காரன்தான் இருந்தான்.

"என்னைச் சொல்லேன்," என்றான் ஜாரட்.

மூன்றாம் தடவை விண்ணப்பம் போடப் போகிற வசந்த காலம் அது. அவன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"உன்னை என்ன சொல்ல?"

"சர்ச் கூரையிலேருந்து விழுந்தேன். முதுகு போச்சு. வலிக்கு மாத்திரை குடுத்தாங்க, மாத்திரை என்னைப் பிடிச்சுக்கிச்சு. நீ குளியலறையில என்னைக் கண்டுபிடிச்சு வாயில ஊதின. இதெல்லாம் நடந்ததுதானே?"

"நடந்தது. ஆனா நான் காலேஜ் முடிச்சு வீட்டுக்கு வந்தப்புறம் நடந்தது. என் எஃப்புக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை."

"அப்ப என்னை மூணு வருஷம் முன்னாடியே கூரையிலேருந்து தள்ளிவிடு. எப்படியும் விழப் போறவன்தானே. தேதி கேட்டு யார் வரப் போறா?"

கெண்ட்ரா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தவள் சொல்லவில்லை. "அம்மாகிட்ட சொல்லக்கூடாது," என்றாள். அதிலேயே சம்மதம் தெரிந்துவிட்டது.

"ட்ராய் கதைன்னா இன்னும் கனமா இருக்கும்," என்றான் ஜாரட். ட்ராய் அவர்கள் பெரியப்பா மகன். ஜாரட்டோடு அதே கூரைகளில் ஏறியவன், அதே மாத்திரைகளை விழுங்கியவன். ஜாரட்டைக் காப்பாற்றிய அதே குளிர்காலத்தில் அவனைக் காப்பாற்ற யாரும் வரவில்லை. ஆறு தெரிகிற மேட்டில் புதைத்தார்கள்.

"பெரியப்பா பையனுக்கெல்லாம் பாதி மார்க்தான். கூடப் பொறந்தவனா இருக்கணும்," என்றாள் கெண்ட்ரா.

இருவரும் சிரித்தார்கள். சிரித்த பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் காப்பிக் கோப்பையை நகர்த்தினார்கள்.

அன்றிலிருந்து ஒத்திகை சூடுபிடித்தது. ஜாரட்டுக்குச் சொந்தக் கதை தலைகீழ்ப் பாடம். ஏழு வருடமாக வியாழக்கிழமை தோறும் சர்ச் நிலவறையில், தன்னைப் போல மாத்திரையை விட்டவர்கள் நடுவில், "என் பேர் ஜாரட்" என்று ஆரம்பித்துச் சொல்லி வருகிற கதை. எந்த இடத்தில் நாற்காலிகள் கிரீச்சிடுவது நிற்கும், எந்த இடத்தில் பெண்கள் கைப்பையைத் திறப்பார்கள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். தங்கை அதை ஆஸ்பத்திரி அறிக்கை மாதிரி ஒப்பித்தாள்.

"நீ ரொம்ப வேகமாப் போற. தரையில கிடந்தேன், உதடு நீலமா இருந்துச்சு, வாயில ஊதின, ஆம்புலன்ஸ் வந்துச்சு. ஆம்புலன்ஸ் வந்ததோட நிறுத்து."

"நிறுத்தி?"

"சும்மா இரு. மூச்சு விடு. தரையைப் பாரு. அப்புறம் என்ன ஆச்சுன்னு அவங்க கேக்கணும். அப்ப நிமிந்து பாத்து, லேசா சிரிச்சு, 'இப்ப அவன் ஊர்ல பாதிப் பேருக்குக் கூரை போட்டுக் குடுக்கறான்'னு சொல்லு. அவ்வளவுதான். உக்காந்திருக்கறவங்க உருகிடுவாங்க."

"உனக்கு வெக்கமே இல்லையாடா?"

"இருந்துச்சு. அதையும் வித்து மாத்திரை வாங்கிட்டேன்."

கோடை முழுக்க அவள் ஆம்புலன்ஸ் வந்ததோடு நிறுத்திப் பழகினாள். முதலில் கடிகாரத்தைப் பார்த்து நிறுத்தினாள். போகப் போக, அந்த இடம் வந்ததும் தொண்டை தானாகவே அடைத்துக்கொண்டது. நடிப்பா நிஜமா என்று ஜாரட்டுக்கே தெரியவில்லை. அவனுக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. வீட்டில் எல்லாருக்கும் செலவாகவே இருந்த ஒரு சங்கதி முதல்முறையாக ஒரு வேலைக்கு ஆகிறது.

அக்டோபரில் நேர்முகம். நாலு மணி நேரம் கார் ஓட்டிப் போய்விட்டு மறுநாள் மத்தியானம் திரும்பினாள். ஜாரட் வேலையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்திருந்தான்.

"எப்படி?"

"நல்லா போச்சுன்னு நினைக்கறேன். ஆஸ்ட்ராண்டர்னு ஒரு டாக்டர். வயசானவங்க. அவங்கதான் கேட்டாங்க."

"நிறுத்தினியா?"

"நிறுத்தினேன்."

"கூரை போடறான்னு சொன்னப்ப சிரிச்சாங்களா?"

கெண்ட்ரா குளிர்பெட்டியைத் திறந்து எதையோ தேடினாள். "ம்," என்றாள் உள்ளே பார்த்துக்கொண்டு.

பிப்ரவரியில் தொலைபேசி வந்தது. இடம் கிடைத்துவிட்டது. அம்மா லோரீன், பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிறவள், போனைக் கையில் வைத்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் பள்ளிக்கூடத்தின் பெரிய தட்டில் கேக் சுட்டு எடுத்து வந்தாள். வியாழக்கிழமை ஜாரட் நிலவறையில் விஷயத்தைச் சொன்னான். எல்லாரும் கை தட்டினார்கள். பின்னால் இருந்து ஒரு கிழவர், "உன் தங்கச்சி டாக்டர் ஆனதும் நம்ம யாருக்கும் மருந்துச் சீட்டு எழுதக்கூடாதுன்னு இப்பவே சத்தியம் வாங்கிடு," என்றார். நிலவறையே சிரித்தது. எந்த இடத்தில் நிறுத்தச் சொல்லிக் கொடுத்தான் என்பதைத் தவிர ஜாரட் அவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

மருத்துவக் கல்லூரியில் சேருகிறவர்களுக்கு ஆகஸ்டில் வெள்ளைக் கோட்டு போடுகிற விழா ஒன்று உண்டு. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி மேடைக்குக் கூப்பிடுவார்கள். அவர்கள் வீட்டு மனிதர் ஒருவர் பின்னால் நின்று கோட்டைப் பிடிக்க, பிள்ளை கைகளைப் பின்னுக்கு நீட்டி மாட்டிக்கொள்ளும். ஒரு நிமிடம்கூட ஆகாத காரியம். அதற்குத்தான் மாநிலம் கடந்தெல்லாம் வருவார்கள்.

"ஜாரட் போடட்டும்," என்றாள் லோரீன். "அவ தோளுக்கு என் கை எட்டாது."

ஜாரட் தேவாலயத்தின் பழைய துணிக் கடையில் சாம்பல் நிறத்தில் ஒரு கோட்டும் கால்சட்டையும் எடுத்தான். தோளில் சரியாக உட்கார்ந்தது. சமையலறையில் அம்மாவை நிற்க வைத்துத் தன் மழைக்கோட்டை மாட்டிவிட்டுப் பழகினான். "காலரைத் தூக்கிப் பிடி, கை நுழையற இடம் தெரியணும்," என்று அம்மா சொல்லிக் கொடுத்தாள். கெண்ட்ரா அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எழுந்து வேறு அறைக்குப் போனாள். யார் வருகிறார்கள் என்று கல்லூரிக்குச் சொல்ல வேண்டிய கெடு நெருங்கிக்கொண்டிருந்தது.

ஜூலையில் ஒரு நாள் ஜாரட் ஒரு கார் கொட்டகையின் மேல் பழைய ஓடுகளைப் பெயர்த்துக்கொண்டிருந்தான். வெயிலில் தார் உருகி முட்டியில் ஒட்டியது. ஏணி ஆடுகிற சத்தம் கேட்டுத் திரும்பினான். கெண்ட்ராவின் தலை தெரிந்தது. அவன் விழுந்த நாளிலிருந்து ஏணிப் பக்கமே போகாதவள்.

"கீழ இருந்தே கூப்பிடக்கூடாதா? வந்து நீ விழுந்து தொலைச்சா இன்னொரு கதை எழுதணும்."

அவள் சிரிக்கவில்லை. கூரை விளிம்பில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நீ வர வேண்டாம், ஜாரட்."

"எங்க?"

"விழாவுக்கு."

அவன் கையிலிருந்த கடப்பாரையைக் கீழே வைத்தான்.

"நான் ஆம்புலன்ஸ் வந்ததோட நிறுத்தினேன். தரையைப் பாத்தேன். நீ சொன்ன மாதிரியே. எனக்கு நிஜமாவே தொண்டை அடைச்சுடுச்சு. அவங்க கேள்வி கேக்கலை. பேனாவை வெச்சுட்டு எந்திரிச்சு வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. 'என் பையனும் அப்படித்தான் போனான். அவனும் குளியலறையிலதான்'னாங்க. அழுதாங்க, ஜாரட். அறுபது வயசுப் பொம்பளை என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழறாங்க. அவங்க பையனுக்கு இருபத்திமூணு வயசு. அவங்ககிட்ட நான் எப்படி நிமிந்து பாத்து, சிரிச்சு, எங்க அண்ணன் கூரை போட்டுக்கிட்டிருக்கான்னு சொல்லுவேன்?"

தெருவில் ஐஸ்கிரீம் வண்டி மணியடித்துக்கொண்டு போனது. ஜாரட் அது திரும்பி மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்புறம் சொல்லியிருக்கலாம்."

"எப்ப? இடம் குடுத்தப்புறமா? அவங்கதான் குழுவுல எனக்காகப் பேசினாங்களாம். என் சராசரியைப் பாத்து நாலு பேர் வேண்டாம்னாங்களாம். இவங்க விடலையாம்."

"அப்ப நான் செத்தாச்சு."

"அப்படிச் சொல்லாதே."

"உன் எஃப்புக்குத்தான் சாவே கிடையாதே. யாராவது ஒருத்தர் சாகணும்ல."

கெண்ட்ராவின் முகம் கோணியது. அவன் சட்டென்று குரலைத் தணித்துக்கொண்டான். "சரி, சரி. முதல்ல முட்டியை உள்ள வெச்சு உக்காரு. அழுதுக்கிட்டு விளிம்புல உக்காராத. அம்மா போடட்டும் கோட்டை. நான் வரலை."

ஆனால் அம்மாவை அப்படி முடிக்க முடியவில்லை. லோரீன் வந்தால் அந்த டாக்டர் நிச்சயம் வந்து துக்கம் கேட்பாள். அதற்கு லோரீன் தலையாட்ட வேண்டும். எனவே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. பிள்ளைகள் இருவரும் சமையலறையில் நின்று சொன்னார்கள். லோரீன் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டே கேட்டாள். கடைசி வரைக்கும் சீவுவதை நிறுத்தவில்லை.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில டாக்டர் என்கிட்ட பாதிரியாரைக் கூப்பிடச் சொன்னார்," என்றாள். "நான் கூப்பிட்டேன். அடக்கத்துல என்ன பாட்டு பாடணும்னு கேட்டார். அதையும் சொன்னேன். ஒரு தடவை அந்தப் பக்கம் போயிட்டு வந்துட்டேன் கெண்ட்ரா. இன்னொரு தடவை, நல்ல பாவாடை கட்டிக்கிட்டு, எலுமிச்சை ஜூஸ் குடிச்சுக்கிட்டு, என்னால போக முடியாது."

"அம்மா, ஒரு நாள்தான்."

"நான் கை தட்டிக் கேக் சுட்டேனே, அன்னிக்கே சொல்லியிருந்தா கேக்காவது மிச்சம்." சீவிய கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். "நல்லா படி. போய் வா. நான் வரலை."

கெண்ட்ரா கல்லூரிக்கு யாரும் வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

விழா நாளன்று ஜாரட் வழக்கம்போல எழுந்தான். வேலைக்குப் போகிறவன் போல பிக்கப் வண்டியில் ஏறி ஆற்றுப் பாலத்தைத் தாண்டினான். அங்கே கடைத்தெருவில் நிறுத்திக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். சாம்பல் நிறக் கோட்டு பின்னிருக்கையில் கிடந்தது. எப்போது அங்கே வைத்தான் என்று அவனைக் கேட்டால் பதில் இருக்காது. இத்தனை பேர் கை தட்டுகிற கூடத்தில் அவளுக்கென்று ஒரு ஜோடிக் கைகூட இல்லாமல் போவதா என்று மட்டும் ஓடியது. பெட்ரோல் போட்டுக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறினான்.

கூடத்தின் வாசலில் மேசை போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒட்டுச் சீட்டுகளும் தடித்த பேனாக்களும்.

"வாங்க. உங்க பேரை எழுதிச் சட்டையில ஒட்டிக்குங்க. எந்த மாணவருக்காக வந்திருக்கீங்கன்னு கீழ எழுதுங்க."

ஜாரட் பேனாவை எடுத்தான். 'ஜா' என்று எழுதுவதற்குக் கை போனது. பின்னால் ஒரு குடும்பம் பலூனோடு காத்திருந்தது. டெட்ரிக் என்று எழுத வேண்டும், ஜாரட் என்று எழுதக்கூடாது. அவசரத்தில் வேறு எந்தப் பெயரும் வரவில்லை. 'ட்ராய் டெட்ரிக்' என்று எழுதினான். அதன் கீழ் 'கெண்ட்ரா' என்று எழுதினான். நெஞ்சில் ஒட்டிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தான்.

பேச்சுகள் நடந்தன. கல்லூரித் தலைவர் புதிய மாணவர்களின் பெருமையைச் சொன்னார். ஒருவன் விமானம் ஓட்டியவனாம், ஒருத்தி மூன்று மொழியில் பாடுவாளாம். "உங்களில் ஒருவர், தன் சகோதரனை இழந்த இடத்திலிருந்து எழுந்து இந்த இடத்துக்கு வந்திருக்கிறார்," என்றார். கூடம் கை தட்டியது. பக்கத்தில் இருந்த பெரியவர் உரக்கத் தட்டினார். தட்டாமல் இருந்தால் பார்ப்பார்கள் என்று ஜாரட்டும் தட்டினான்.

கெண்ட்ரா டெட்ரிக் என்று பெயர் வந்தபோது அவள் தனியாகத்தான் படியேறினாள். மேடையில் இருந்த டாக்டர்களில் வெள்ளைத் தலை கொண்ட ஒரு பெண் எழுந்து வந்து கோட்டை வாங்கிக்கொண்டாள். காலரை உயரப் பிடித்தாள். கை நுழைகிற இடம் நன்றாகத் தெரிந்தது. கெண்ட்ரா கைகளைப் பின்னுக்கு நீட்டி, தவறாமல் நுழைத்து, திரும்பிக் கூடத்தைப் பார்த்தாள். கடைசி வரிசையில் சாம்பல் நிறக் கோட்டைப் பார்த்துவிட்டாள். சிரித்துக்கொண்டிருந்த முகம் அப்படியே நின்றது. பிறகு மறுபடி சிரித்தது.

அப்படியே கிளம்பியிருக்கலாம். கிளம்பத்தான் எழுந்தான். ஆனால் வாசலில் ஜூஸ் மேசையும் பிஸ்கட் தட்டும் போட்டு வழியை அடைத்திருந்தார்கள். அதைச் சுற்றி வருவதற்குள் கெண்ட்ரா எதிரே வந்துவிட்டாள். கூடவே அந்த வெள்ளைத் தலை டாக்டரும்.

"கெண்ட்ரா, இவர் உங்க சொந்தமா?" டாக்டர் ஆஸ்ட்ராண்டர் ஒட்டுச் சீட்டைக் குனிந்து படித்தாள்.

கெண்ட்ராவின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. அவளுக்கு அந்த இடத்தில் நிறுத்தித்தான் பழக்கம்.

"பெரியப்பா பையன், டாக்டர். ட்ராய்," என்றான் ஜாரட். "வரமாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அவளுக்கே தெரியாது."

"ரொம்ப நல்ல காரியம் பண்ணீங்க. யாருமே வரலைன்னு இவ சொன்னப்ப எனக்கு மனசு கேக்கலை." அவள் ஜாரட்டின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அந்தக் கைகள் மெலிந்து, சூடாக இருந்தன. "அப்ப உங்களுக்கு அவரைத் தெரிஞ்சிருக்கும். ஜாரட். அதுதானே பேர்?"

"தெரியும்."

"எப்படி இருப்பார்? இவகிட்ட கேக்க எனக்கு மனசு வரலை."

ஜாரட் பிஸ்கட் தட்டைப் பார்த்தான். "கூரை போடறவன். நல்ல வேலைக்காரன்னு சொல்ல முடியாது, ஏணியை எப்பவும் கோணலா வெப்பான். வாய் ஜாஸ்தி. கடன் வாங்கினா திருப்பித் தர மாட்டான், ஆனா தந்த மாதிரியே பேசுவான். தங்கச்சி மேல மட்டும் கொஞ்சம் பாசம்."

"என் ஓவனும் அப்படித்தான். சிரிக்க வெச்சே பர்ஸைக் காலி பண்ணிடுவான்." டாக்டர் சிரித்தாள், கண் நிறைந்தது. "தினமும் காலையில பிரார்த்தனையில ஓவன் பேருக்கு அடுத்து ஜாரட் பேரையும் சொல்றேன். தப்பா நினைக்காதீங்க. அவங்க ரெண்டு பேரும் போனதுக்கு, இந்தப் பொண்ணு டாக்டர் ஆகறதுலயாவது ஒரு அர்த்தம் இருக்கணும்ல?"

பொய் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தை தங்கையின் கோட்டைக் கழற்றிவிடும். இந்த மனுஷிக்கும் அவள் மகன் இன்னொரு தடவை செத்துப்போவான்.

"இருக்கு, டாக்டர்," என்றான் ஜாரட்.

"எங்க அடக்கம் பண்ணியிருக்கு?"

"எங்க ஊர் மேட்டுல. அங்கேருந்து ஆறு தெரியும்."

டாக்டர் தன் கோட்டில் குத்தியிருந்த வெள்ளை ரோஜாவை எடுத்தாள். மேடையில் இருந்த டாக்டர்கள் எல்லாரும் அன்று அதைக் குத்தியிருந்தார்கள். "நான் ஒரு நாள் நேர்ல வரேன். அதுவரைக்கும் இதை அவர்கிட்ட வெச்சுடுங்க," என்று அவன் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

கெண்ட்ரா வண்டி நிறுத்துமிடம் வரைக்கும் பின்னாலேயே வந்தாள். புதுக் கோட்டின் மடிப்புகள் இன்னும் கலையவில்லை.

"எதுக்குடா வந்த?"

"கை தட்ட."

"நான் சொல்லிடறேன். முதல் வருஷம் முடியட்டும், அவங்ககிட்ட நானே சொல்லிடறேன்."

"முதல் வருஷம் முடிஞ்சா ரெண்டாவது இருக்கும். விடு. டாக்டர் ஆகு. அப்புறம் ஆஸ்பத்திரியில என்னை மாதிரி எவனாவது வந்து படுத்தா, அவன் கதையைக் கடைசி வரைக்கும் கேளு."

அவள் அவனைக் கட்டிக்கொள்ள வந்தாள். வருவதற்கு முன்னால் தோளுக்கு மேலே திரும்பி, கூடத்து வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள். யாரும் இல்லை. அதன் பிறகுதான் கட்டிக்கொண்டாள். நன்றாக, இறுக்கித்தான் கட்டிக்கொண்டாள். ஜாரட்டுக்கு அந்தப் பார்வைதான் நாலு மணி நேரமும் பக்கத்து இருக்கையில் வந்தது, ரோஜாவோடு சேர்ந்து.

அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது லோரீன் சாப்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். எங்கே போயிருந்தாய் என்று கேட்கவில்லை. கோட்டைப் பார்த்தாள். நெஞ்சில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். நகத்தால் ஓரத்தைக் கிளப்பி உரித்து, உருண்டையாகக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டாள். பசை சாம்பல் துணியில் சதுரமாக அப்பியிருந்தது.

"கையில என்ன?"

"ரோஜா. அந்த டாக்டரம்மா குடுத்தாங்க."

"யாருக்கு?"

ஜாரட் அதை அவளிடம் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனான். தண்ணீரைத் திறந்துவிட்டு, "அவங்களோட ஜாரட்டுக்கு," என்றான்.

லோரீன் கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். குப்பைத் தொட்டியின் மூடியைக்கூடக் காலால் அமுக்கினாள். பிறகு காலை எடுத்துவிட்டாள். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து, ரோஜாவை அதில் நிறுத்தி, அவன் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

"அப்ப உனக்குத்தானே," என்றாள். "உக்காரு. ஆறிடப் போகுது."